தெலுங்கு தெரியாத நர்ஸ்

திருச்சி ஜங்ஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் என்னையறியாமல் தெலுங்கில் பேசிவிட்டேன். பதினெட்டு வருடக் குண்டூர் வாசம் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சுதாரித்துக்கொண்டு தமிழுக்கு வருவதற்குள் அவர் பக்கத்தில் நின்றவரிடம், "ஆந்திரா பார்ட்டி. ஸ்ரீரங்கம்தான்" என்று முடிவு கட்டிவிட்டார். "அண்ணே, எனக்குச் சொந்த ஊரு தர்மபுரி" என்றேன். "அப்ப ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் இருக்கே, அதுல போயிடுங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். தமிழச்சி என்று நிரூபித்த பாவத்துக்குக் காவிரிப் பாலம் வரைக்கும் பெட்டியோடு நின்றுகொண்டே போனேன்.

நான் போனது சாமி கும்பிட அல்ல. ஒரு கதைக்காகப் போனேன்.

கணவருக்குக் குண்டூரில் வேலை கிடைத்துப் போன புதிதில் எனக்குத் தெலுங்கில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. காய்கறிக்காரியிடம் விரலை நீட்டித்தான் கத்தரிக்காய் வாங்குவேன். மூன்று மாதம் ஊமையாக இருந்ததில் எனக்கே என் மேல் எரிச்சல் வந்துவிட்டது. மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து எழுதிப் பழகினேன். அவள் ஒரு மாதத்தில் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள். பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வாங்கும் வாரப் பத்திரிகையில் ஒரு கதையைப் பிடித்தேன். ஒரு கையில் அகராதி, நாளைக்குப் பத்து வரி. பதினோரு நாளில் முடித்தேன். முடித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்து அழுதேன். அதை எழுதியவர் சேஷய்யா.

கதை இதுதான். குண்டூர்ப் பக்கத்துக் கிராமத்து விதவை ஒருத்தி யாத்திரை பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வருகிறாள். அம்மா மண்டபம் படித்துறையில் வழுக்கி விழுகிறாள். பஸ்ஸை நடத்துகிறவர் அவளை ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டு, திரும்பி வரும்போது அழைத்துக்கொள்வதாகச் சொல்லி மற்றவர்களோடு ராமேஸ்வரம் போய்விடுகிறார். மூன்று நாள் அவள் ஓயாமல் பேசுகிறாள். அவள் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நர்ஸ் ஒருத்தி கட்டிலருகே சுவர் மாதிரி நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிடுகிறது. மகன் வந்து சேர்ந்து, அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று நர்ஸிடம் கேட்கிறான். அவள் தமிழில் ஏதோ சொல்கிறாள். அவனுக்குப் புரியவில்லை.

தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்திலேயே முடிகின்றன. அதனால் அந்தத் தாய் கூப்பிடும் ஒவ்வொரு கூப்பாடும் வாக்கியம் முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போவது போலிருக்கும். சேஷய்யா அதை நன்றாகத் தெரிந்து எழுதியிருந்தார். தமிழில் அதைக் கொண்டுவர மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். முழுசாக வரவில்லை. ஆனாலும் அவர் கதைகள் பன்னிரண்டைத் தமிழில் தொகுத்து, இந்தக் கதையைக் கடைசியாக வைத்தேன்.

கதையில் கற்பனை குறைவு. அது சேஷய்யாவின் சொந்த அம்மாவுக்கு நடந்தது. அவர் அப்போது கல்லூரி மாணவர். முப்பது வருடமாக ஸ்ரீரங்கம் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் என்னிடம் ஒரு பழைய மருந்துச் சீட்டைக் கொடுத்து, "நீங்கள் போய் வாருங்கள் அம்மா. அவளைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவள் என்ன சத்தம் போட்டாள் என்று கேளுங்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது, சத்தம் நினைவிருக்கலாம். நீங்கள் கேட்டால் அது என்ன வார்த்தை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்" என்றார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

முதல் நாள் மத்தியானம் உத்திர வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். அடுத்த மேஜையில் தெலுங்கு யாத்ரீகர்கள். அந்த அம்மாள் கணவரிடம், "உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது, காரத்தை மட்டும் எங்கே ஒளித்துவைத்தார்கள்" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் தெலுங்கில் சிரித்துப் பேசியதும் பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து என் சோற்றில் இரண்டு கரண்டி பருப்புப் பொடி தட்டிவிட்டாள். குண்டூரில் இந்தப் பொடியில்லாமல் சாப்பாடு தொடங்காது. ஸ்ரீரங்கத்து ரசத்தோடு அது சேரவில்லை, ஆனால் மரியாதைக்கு முழுவதையும் சாப்பிட்டேன்.

வெளியே பூக்காரர்கள் அந்த யாத்ரீகர்களிடம் தெலுங்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் தெலுங்கு தெரியாத ஊர் என்றல்லவா மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்? இது வியாபாரத் தெலுங்கு, இந்தக் காலத்தில் வந்தது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மருந்துச் சீட்டிலிருந்த நர்ஸிங் ஹோம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பாத்திரக் கடை. எதிரே இருந்த மருந்துக்கடை மட்டும் மாறவில்லை. கல்லாவில் நெற்றி நிறையத் திருமண்ணோடு ஒரு பெரியவர். சீட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டர் போயிட்டார், ஆசார்யன் திருவடி அடைஞ்சு பத்து வருஷமாறது. அவரண்டை அப்போ ஒரே ஒரு நர்ஸ்தான், விஜயான்னு. கல்யாணமாகி திருவெறும்பூர் போயிட்டா. ஏகாதசிக்குப் பெருமாள் சேவிக்க வருவா, வந்தா நம்ம கடையை எட்டிப் பார்க்காம போகமாட்டா" என்றார். போன் நம்பரும் அவரிடம் இருந்தது. நான் அங்கிருந்தே பேசினேன். பழைய பேஷண்ட் ஒருவரைப் பற்றி என்று மட்டும் சொன்னேன். "நாளைக்கு வாங்க மேடம், வீட்லதான் இருப்பேன்" என்றது அந்தக் குரல்.

மறுநாள் பஸ்ஸில் கதையின் கைப்பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நர்ஸ் வரும் இடத்தை வாய்க்குள் படித்தபடி உட்கார்ந்திருந்தேன். தலையைத் தூக்கியபோது துவாக்குடி. "திருவெறும்பூர் திருவெறும்பூர்னு தொண்டை வத்தக் கத்தினேன். காதுல என்ன வெச்சிருந்தீங்க?" என்றார் கண்டக்டர். இறங்கி, எதிர்ப்பக்கம் வந்து, வெயிலில் இருபது நிமிடம் நின்று வேறு பஸ் பிடித்தேன். கிருஷ்ணா நதிப் பக்கத்து வெயில் தெரிந்த எனக்கு இது பெரிதல்ல.

விஜயாம்மா வீடு தொழிற்சாலை ஊழியர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் வரிசையில் ஒன்று. அவர் கணவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஜயாம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, சுறுசுறுப்பான கை. காபி கொடுத்து உட்காரவைத்தார். குண்டூர் அம்மாள், படித்துறை, மூன்று நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மகன் இப்போது எழுத்தாளர், அம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார் என்றேன். கதையில் ஒரு நர்ஸ் வருவதை மட்டும் சொல்லவில்லை.

"எவ்வளவோ பேஷண்ட் மேடம். முப்பது வருஷத்துக்கு முந்திது எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார். சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் என் டம்ளரை நான் குடித்து முடிக்குமுன்பே வாங்கிக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து அவர் கணவர் எதையோ கேட்டார். விஜயாம்மா திரும்பிப் பார்க்காமலே, மோர் மூடிவைத்திருக்கிறது, எடுத்துக் குடியுங்கள் என்று பதில் சொன்னார். இரண்டு பேரும் பேசியது தெலுங்கு. குண்டூர்த் தெலுங்கு அல்ல. சொற்கள் பழசாக, இழுப்பு தமிழாக இருந்தது. ஆனால் தெலுங்கு.

வாசற்படியில் நின்றபடியே நான் தெலுங்கில் கேட்டேன்: "நீங்கள் அவளோடு பேசினீர்கள், இல்லையா?"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தர்மபுரி. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் தெலுங்கு பேசினார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், எழுதப் படிக்கத் தமிழ் மட்டும். தமிழ்நாட்டில் இப்படி எத்தனை லட்சம் பேர்! சேஷய்யாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதையின் அழகில் மயங்கி, ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்லாமல் மூன்று வருடம் அந்த நர்ஸைச் சுவராக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"எங்களுக்குத் துறையூர் பக்கம்" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். "எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. அந்தம்மாவக் கொண்டாந்து போட்டதும் தெலுங்குல ஏதோ கேட்டாங்க. நானும் தெலுங்குலயே பதில் சொன்னேன். அவங்க மொகத்தப் பாக்கணுமே! மூணு நாளும் பேச்சுதான். எரும கன்னு போட்டது, மொளகாச் செடிக்கு நோவு வந்தது, மகன் படிக்காம எந்நேரமும் எதையோ எழுதிக்கிட்டே இருக்கான்னு. இடுப்பு வலியோட சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க."

"அப்புறம் ஏன்…"

"தந்தி குடுக்கணும், அட்ரஸ் சொல்லுங்கன்னேன். அதுக்கு மட்டும் முடியாதுன்னுட்டாங்க. புள்ளைக்குக் கடைசி பரீட்சை, புதன்கிழமை முடியுது, அதுவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. எலும்புதான ஒடிஞ்சிருக்கு, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு நானும் விட்டுட்டேன். புதன்கிழமை காலைல மூச்சு முட்டுச்சு. அப்பதான் அட்ரஸ் சொன்னாங்க, ஓடிப்போய் தந்தி குடுத்தேன். மத்தியானம் போயிட்டாங்க."

விஜயாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் மொத நாளே தந்தி குடுக்கலன்னு டாக்டர் கத்து கத்துன்னு கத்தினாரு. எனக்கு வேல போயிடும்னு பயம். அந்தம்மா பேசறது புரியல சார், அட்ரஸ் இப்பதான் பையில கெடச்சுதுன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டு பாஷ என்னன்னு அவருக்குத் தெரியாது, யாரு கேக்கறாங்க? மறுநாள் அந்தப் பையன் வந்து நிக்கிறாரு. பக்கத்துல டாக்டர். எங்கம்மா என்ன சொன்னாங்க, எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு தெலுங்குல கேக்கறாரு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியுது. எனக்குத் தெலுங்கு தெரியாதுங்கன்னு தமிழ்ல சொல்லிட்டு நின்னேன். எம் பொண்ணு பரீட்சைக்குப் போறப்பல்லாம் அந்த மொகம்தான் வரும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மனிதர் முப்பது வருடமாகத் தன் அம்மா ஊமையாகச் செத்தாள் என்று நம்பி, அதை எழுதி எழுதித் தேய்ந்துகொண்டிருக்கிறார். இங்கே மூன்று நாள் பேச்சு முழுவதும் ஒருத்தியின் நெஞ்சில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆனால் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கோபம் தணிந்துவிட்டது. சத்தியத்தைக் காப்பாற்றிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் நான் என்னவென்று சண்டை போடுவது?

"அவரிடம் பேசுகிறீர்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று பயந்து கும்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "போடுங்க" என்றார். நான் சேஷய்யாவுக்குப் போன் போட்டு, உங்கள் அம்மாவோடு மூன்று நாளும் தெலுங்கில் பேசியவர் இங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

விஜயாம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. எருமை, மிளகாய், சத்தியம், டாக்டர். நடுவில் நீண்ட அழுகை. யாருடையது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் பயந்து பயந்து ஒரு கேள்வி கேட்டது தெளிவாகக் கேட்டது: "அந்தப் பரீட்சை பாஸ் பண்ணிட்டீங்களா?"

திரும்பி வந்தபோது அவர் முகம் வீங்கிச் சிவந்து, லேசாக இருந்தது. "பாஸாம். பர்ஸ்ட் கிளாஸாம்" என்றார். "எங்க அம்மாவுக்கு மகளா இருந்தீங்கன்னு சொல்றாரு மேடம்." அன்றைக்கு என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். பரிமாறும்போது என்னிடம் தெலுங்கில்தான் பேசினார். "நீங்க பேசறது டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று கேலி வேறு. கிளம்பும்போது, "புத்தகம் வந்தா எனக்கு ஒண்ணு அனுப்புங்க. தெலுங்கு எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழ்ல இருந்தா படிச்சிருவேன். அந்தம்மா கதையும் அதுல இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா மண்டபத்துக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் ஓரமாகத்தான் ஓடியது. கிருஷ்ணாவின் அகலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகவும் அடக்கமான ஆறு. எந்தப் படி என்று யாரால் சொல்ல முடியும்? ஈரமாக இருந்த ஒரு படியில் உட்கார்ந்தேன். சேஷய்யா போனில் கூப்பிட்டார்.

"அம்மா, அந்தப் பரீட்சைக்கு நான் போகவே இல்லை" என்றார். "மூன்று நாளும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி, நன்றாக எழுதினேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வேன். முதல் நாளே தந்தி வந்திருந்தால் அவளை உயிரோடு பார்த்திருப்பேன். நான் எழுதாத பரீட்சைக்காக அவள் எனக்குச் சொல்லாமல் செத்திருக்கிறாள். விஜயா அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அந்த ஒரு ஆறுதலாவது இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்றேன்.

"இன்னொன்று. அந்தக் கதையைத் தமிழில் போடவேண்டாம். எடுத்துவிடுங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தெலுங்கில் முதன்முதலாகப் படித்து முடித்த கதை. அந்தப் புத்தகமே அதற்காகத்தான். வாதாடினேன், கொஞ்சம் குரலும் உயர்ந்தது. பக்கத்தில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த அம்மா தமிழ்தானே படிப்பார்" என்றார் சேஷய்யா. "அதில் நான் அவரைச் சுவர் என்று எழுதியிருக்கிறேன். சபித்திருக்கிறேன். சபிக்கவேண்டிய ஆள் நானாக இருக்கும்போது, அவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை."

புத்தகம் பதினோரு கதைகளோடு வந்தது. விஜயாம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். வந்து சேர்ந்ததென்று போனில் சொன்னார், படித்துவிட்டுக் கூப்பிடுவதாகவும் சொன்னார். பிறகு கூப்பிடவில்லை. அந்தக் கதை எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நானும் கூப்பிடவில்லை. ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கும் சாமர்த்தியம்கூட எனக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து, போன தை மாதம், விஜயாம்மாவின் மகள் பேசினாள். அம்மா தவறிவிட்டார், நெஞ்சுவலி என்றாள். போனிலிருந்த நம்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், என் பெயரைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"அந்தப் புத்தகம் அனுப்பினீங்களே, அந்த மேடமா? அம்மா அத ரெண்டு மூணு தடவ படிச்சாங்க. அந்தக் கதை இதுல இல்லையேன்னு மொதல்லருந்து கடைசி வரைக்கும் பக்கம் பக்கமாத் தேடினாங்க. போன்ல நல்லாத்தான் பேசினாரு, ஆனா மனசு ஆறல போல, அதான் எடுத்துட்டாரு, என்னைய மன்னிக்கலன்னு சொல்லிட்டே இருந்தாங்க. என்ன கதை மேடம் அது?"

நான் அன்று பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் அவளுக்கு அனுப்பப்போகிறேன். விஜயாம்மா போய்விட்டதை மட்டும் சேஷய்யாவுக்குச் சொன்னேன். "நிம்மதியாகப் போயிருப்பார்" என்றார். ஆமாம் என்றேன். அவர் இதைப் படிக்கமாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது.